வாசகர் கேள்விகள்: பதின்வயதுப் பெண்ணுக்கு பிசிஓஎஸ் என்று எப்போது சொல்லலாம்?

மாதவிடாய் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலுக்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளி, கல்லூரி செல்லும் பெண்களின் ‘பிசிஓடி’ பற்றியவை. சினைப்பையோடு தொடர்புடைய ஹார்மோன் கோளாறான பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்பதைத்தான் நம் ஊரில் பலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

*

என் மகளுக்கு 14 வயது. பூப்பெய்தி ஒன்றரை வருடம் ஆகிறது. மாதவிடாய் ஒரு முறை 32 நாளில் வருகிறது, அடுத்த முறை 43 நாள் ஆகிவிடுகிறது. வயிற்றுவலி என்று போன இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ‘இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள், பிசிஓடி’ என்று ரிப்போர்ட் வந்தது. முகத்தில் முடி வளர்ச்சி இல்லை. நெற்றியில் நாலைந்து பருக்கள் மட்டும் உண்டு. ‘இப்போதே பார்க்காவிட்டால் நாளைக்குக் குழந்தை தங்காது’ என்கிறார் என் நாத்தனார். அதைக் கேட்டதிலிருந்து மகள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால், உங்கள் மகளுக்கு பிசிஓஎஸ் என்று சொல்வதற்கான அடிப்படையே இல்லை. இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

வயது வந்த பெண்களுக்கு இந்த நோயை உறுதி செய்ய, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2003-இல் கூடிய வல்லுநர்கள் மூன்று அடையாளங்களை வகுத்தார்கள். மாதவிடாய் ஒழுங்கின்மை ஒன்று. ஆண்களிடம் மிகுதியாக உள்ள ஆண்ட்ரோஜன் ஹார்மோன் பெண்ணுக்கு அளவுக்கு மேல் இருப்பது இரண்டு. ஸ்கேனில் சினைப்பை நிறையச் சிறு பைகளுடன் தெரிவது மூன்று. இவற்றுள் ஏதேனும் இரண்டு இருந்து, இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்கள் இல்லை என்றும் தெரிந்தால் அது பிசிஓஎஸ். இந்த அளவுகோலை அப்படியே 14 வயதுச் சிறுமிக்குப் பொருத்தியதில்தான் தவறு நேர்ந்தது. மூன்றில் இரண்டு, அதாவது தள்ளிப்போகும் மாதவிடாயும் நிறையப் பைகள் கொண்ட சினைப்பையும், பூப்பெய்திய பின் வரும் சில வருடங்களில் ஆரோக்கியமான பெண்களிடமும் சாதாரணமாகக் காணப்படுபவை. இதனால் 2018-இல் வெளிவந்து 2023-இல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல், பதின்வயதுப் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி ஆகிய இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றும், நோயறிதலுக்கு ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது.

ஒழுங்கின்மை என்பதற்கும் வயதுக்கேற்ற கணக்கு உண்டு. பூப்பெய்திய முதல் வருடத்தில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. மூளையின் அடித்தளத்திலுள்ள சுரப்பியும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பழகிக்கொள்ளும் காலம் அது. ஒரு வருடம் முடிந்து மூன்று வருடம் ஆகும்வரை 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பானதே. மூன்று வருடம் கடந்த பிறகுதான் 21 முதல் 35 நாள் என்ற பெரியவர்களின் கணக்கு பொருந்தும். உங்கள் மகளின் 32 நாளும் 43 நாளும் அவளுடைய வயதுக்குரிய எல்லைக்குள்தான் இருக்கின்றன. முகத்தில் முடி இல்லை. நாலைந்து பருக்கள் அந்த வயதில் எல்லோருக்கும் வருபவை. எனவே தேவையான இரண்டு அடையாளங்களில் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

இனி அந்த ‘நீர்க்கட்டி’. நம் வீடுகளில் இவ்வளவு பயத்தை விதைத்த சொல் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டி என்றதும் வெட்டி எடுக்க வேண்டியது, மருந்தால் கரைக்க வேண்டியது என்றுதான் மனம் போகும். ஸ்கேனில் தெரிவது அது அல்ல. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுள்ள, உள்ளே ஒரு கருமுட்டையைப் பொதிந்து வைத்திருக்கும் சிறு பை. எல்லாப் பெண்களுக்கும் அவை உண்டு. பதின்வயதில் எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். அவற்றைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் எந்தப் பொடியையும் கஷாயத்தையும் வாங்காதீர்கள், அங்கே கரைய வேண்டியது எதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு சினைப்பையில் குறைந்தது 20 பைகள் இருந்தால்தான் கணக்கு என்பது, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு வகுத்த எண். நம் ஊரில் மணமாகாத பெண்களுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, சிறுநீர்ப்பை நிறைந்ததும் வயிற்றின் மேல்தான் ஸ்கேன் செய்கிறார்கள். அதில் பைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது கடினம்.

இதற்காக ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடும் வயிற்றுவலி, வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி, 15 வயதாகியும் பூப்பெய்தாமை ஆகியவற்றுக்கு அது தேவைப்படும் பரிசோதனைதான். அந்த ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலுள்ள வார்த்தையை நோயின் பெயராக மகள் மீது எழுதிவிடாதீர்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்த நிறுத்திய இரவுச் சாப்பாடு. வளரும் பெண் போதுமான அளவு உண்ணாமல் இருந்தால் மூளை மாதவிடாயை நிறுத்திவிடும். அப்போது இல்லாத நோய்க்கான பயமே உண்மையான கோளாற்றை உண்டாக்கிவிடும். இன்றிரவே அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரிலோ ஒரு சிறு நோட்டிலோ மாதவிடாய் தொடங்கும் தேதியை அவளே குறித்து வரட்டும். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ண வேண்டும். உதிரம் நின்ற நாளிலிருந்து எண்ணக் கூடாது.

*

மகளுக்கு 16 வயது. 12 வயதில் பூப்பெய்தினாள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் மாதவிடாய் வருகிறது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வரவழைக்கிறேன். தாடையில் முடி முளைக்கிறது. பின்கழுத்து கறுத்துவிட்டது, கடலை மாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

முன் கடிதம் எழுதிய தாயிடம் கவலைப்படாதீர்கள் என்றேன். உங்களிடம் நேர்மாறாகச் சொல்கிறேன்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பூப்பெய்தி ஒரு வருடம் கடந்த பெண்ணுக்கு ஒரே ஒரு முறை 90 நாளைத் தாண்டினாலும் அது பரிசோதிக்க வேண்டிய விஷயம். உங்கள் மகளுக்கு நான்கு வருடமாகியும் அது தொடர்கிறது. தாடை முடியும் சேர்ந்திருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடமோ, நாளமில்லாச் சுரப்பிகளுக்கான மருத்துவரிடமோ இந்த மாதமே அழைத்துச் செல்லுங்கள்.

அந்தக் கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல. அதைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் கேலிக்கு ஆளாவதும் அவர்கள்தான். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகும் இன்சுலின் தோலின் மடிப்புகளைத் தடிக்கவும் கறுக்கவும் செய்கிறது. அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதையும் குறைத்துவிடுகிறது. ஆகக் கழுத்திலும் தாடையிலும் காலண்டரிலும் நீங்கள் தனித்தனியாகப் பார்ப்பவை ஒரே கதையின் பகுதிகளாக இருக்கக்கூடும்.

இருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறேன், ஏனெனில் பிசிஓஎஸ் என்று முடிவு செய்யுமுன் வேறு சிலவற்றை விலக்க வேண்டும். தைராய்டு கோளாறும், பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுதியும் மாதவிடாயைத் தள்ளிப்போடும். அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருந்தால், பதின்வயதில் அது அப்படியே பிசிஓஎஸ் போலத் தோற்றம் தரும். வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இதே அறிகுறிகள் வரலாம். மகள் எந்த மருந்து சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். மாதவிடாய் நின்றிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் சிறுநீரில் கருத்தரிப்புப் பரிசோதனை செய்வது வழக்கம். ‘என் பெண்ணைப் போய் இப்படிக் கேட்கிறார்களே’ என்று மனம் வருந்தாதீர்கள். அது எல்லோருக்கும் செய்யப்படுவது. மருத்துவர் மகளிடம் சற்று நேரம் தனியாகப் பேச விரும்பினால் அதற்கும் இடம் கொடுங்கள்.

மாத்திரை கொடுத்து வரவழைக்கும் உதிரப்போக்கு, மாத்திரையை நிறுத்தியதால் வருவது. சினைப்பை கருமுட்டையை வெளியிட்டதற்கு அது சான்று ஆகாது. கருப்பையின் உட்சுவர் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போகாமல் இருக்க மருத்துவர்களும் இம்மாத்திரையைத் தருவதுண்டு. ஆனால் காரணத்தைத் தேடாமல் கடையில் வாங்கித் தந்துகொண்டே இருந்தால் காலண்டரில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். நோயறிதல் வருடக்கணக்கில் தள்ளிப்போகும். திருமணம் இதற்கு மருந்து அல்ல. பிசிஓஎஸ் உறுதியானால், மகளின் எடையும் வயதும் எப்படியிருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை அவளுக்குத் தேவை. இதையெல்லாம் திருமணம் வரை காத்திருந்து பார்க்க முடியாது.

*

எனக்கு 17 வயது. மேல் உதட்டிலும் தாடையிலும் முடி வளர்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை த்ரெட்டிங் செய்துகொள்கிறேன். அம்மாவுடன் டாக்டரிடம் போனபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லையே’ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதவிடாய் 30 நாளுக்கு ஒரு முறை சரியாக வருகிறது. எனக்கு பிசிஓஎஸ் இருக்கிறதா?

மகளே, டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் த்ரெட்டிங் செய்துகொண்டு போனாயா? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, அதில் உன் தவறு ஒன்றுமில்லை. வெளியே போகும்போது முகம் திருத்தமாக இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஒருமுறை என் எதிரே உட்கார்ந்த உன் வயதுப் பெண், பேசி முடிக்கும்வரை தாடையை மூடிய கையை எடுக்கவே இல்லை. கையை எடுத்தபோது அங்கே முடி இல்லை, நூல் இழுத்த சிவப்புத்தான் இருந்தது. அந்தச் சிவப்பைக் கண்டதும் எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கிறாய் என்று கேட்டேன். அதன் பிறகுதான் அவள் பேசத் தொடங்கினாள்.

முடி வளர்ச்சியை அளக்க மருத்துவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. மேல் உதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேற்கை, தொடை, மேல்முதுகு, கீழ்முதுகு ஆகிய ஒன்பது இடங்களுக்கும் சுழியிலிருந்து நான்கு வரை மதிப்பெண் தந்து கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 4 முதல் 6-ஐ எட்டினாலோ தாண்டினாலோ அது மிகுதியான வளர்ச்சி; இனத்துக்கு இனம் இந்த எல்லை சற்று மாறும். கணக்கில் வருவது கறுத்துத் தடித்த முடி மட்டுமே. மெல்லிய பூனைமுடி வராது. ஆகவே அடுத்த முறை போகும்போது, உனக்குச் சம்மதமானால், நான்கு வாரம் எடுக்காமல் போ. அது முடியாதென்றால் எடுப்பதற்கு முன் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டு. எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்கிறாய், எந்த வயதில் தொடங்கியது, அம்மாவுக்கோ அத்தைமார்களுக்கோ உண்டா என்பதையும் சொல். த்ரெட்டிங் செய்வதால் முடி அடர்த்தியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நூலால் முடியை இழுத்து எடுப்பது மறுபடி முளைக்கும் முடியை அடர்த்தியாக்குவதில்லை.

உன் கேள்விக்கு நேரான பதில்: மாதவிடாய் ஒழுங்காக இருக்கும்போது, முடி வளர்ச்சியை மட்டும் வைத்து உன் வயதில் பிசிஓஎஸ் என்று உறுதி செய்யமாட்டோம். குடும்பவாகாக வருவதும் உண்டு. எந்த ஹார்மோனும் மிகாமல் முடி மட்டும் வளர்வதும் உண்டு. ஆனால் இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்ப்பது நியாயமானது, அதைக் கேட்டுப் பெறும் உரிமை உனக்கு உண்டு. சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகினாலோ குரல் கட்டையானாலோ அது வேறு வகை நோயாக இருக்கலாம். அப்போது ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

*

பிசிஓடி வேறு, பிசிஓஎஸ் வேறு என்கிறார்களே? முன்னது லேசானது, பின்னது கடுமையானது என்று எங்கள் விடுதியில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அப்படிப் பிரிக்கும் ஏற்கப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை. சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவென்தல் என்ற இரு மருத்துவர்கள் 1935-இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்நோய் அவர்களின் பெயரால் அறியப்பட்டது. பின்னர் சினைப்பையின் தோற்றத்தை வைத்துப் பெயர்கள் வந்தன. சர்வதேச வழிகாட்டுதலில் இருப்பது பிசிஓஎஸ் என்ற பெயர் மட்டுமே. நம் ஊரில் பிசிஓடி என்பதை அதே பொருளிலும் சொல்கிறார்கள், ஸ்கேனில் பைகள் தெரிந்தாலே சொல்வதும் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் அது இருந்தால், எந்த அடையாளங்களை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

*

மகளுக்கு ‘பிசிஓடி ப்ரொஃபைல்’ என்று ஒரு லேபில் பேக்கேஜ் இருக்கிறது. ஏஎம்ஹெச், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், இன்சுலின் என்று நிறைய இருக்கின்றன. எடுக்கலாமா?

மருத்துவர் பார்க்கும் முன் எடுக்க வேண்டாம். ஏஎம்ஹெச் என்பது சினைப்பையின் சிறு பைகள் சுரக்கும் ஹார்மோன். அது பெரியவர்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாகப் பயன்படும்; பதின்வயதில் அது இயல்பாகவே கூடியிருக்கக்கூடும் என்பதால் நோயறிதலுக்கு ஏற்றதல்ல. சினைப்பையைத் தூண்ட மூளையின் அடித்தளச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டின் விகிதத்தை வைத்து முடிவு செய்வது பழைய வழக்கம். இன்றைய அளவுகோலில் அதற்கு இடமில்லை. வெறும் வயிற்றில் எடுக்கும் இன்சுலின் அளவும் நோயை உறுதி செய்யாது.

தேவைப்படுபவை சில: டெஸ்டோஸ்டிரோன், அதில் புரதத்தோடு பிணையாமல் இருக்கும் பகுதியின் கணக்கு, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், புரோலாக்டின், நான் மேலே சொன்ன அட்ரினல் குறைபாட்டுக்கான 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். கடைசியாகச் சொன்னதைக் காலையில் எடுப்பதே சரி. மகள் கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆண்ட்ரோஜன் முடிவுகளை நம்ப முடியாது. மருத்துவரின் ஆலோசனையோடு குறைந்தது மூன்று மாதம் நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும். இந்த ஒரு விவரத்தைக் கேட்காமல் இரத்தம் எடுத்து, ‘எல்லாம் நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

*

மகளுக்கு 15 வயது. மாதவிடாய் ஒழுங்காக இல்லை. ஆனால் முடி வளர்ச்சி இல்லை, ஹார்மோன் அளவும் சரியாக இருக்கிறது. ‘பிசிஓஎஸ் என்று இப்போது சொல்ல முடியாது, வரும் வாய்ப்புள்ளவர் என்று வைத்துக்கொள்வோம்’ என்றார் மருத்துவர். நோய் இருக்கிறது, இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் இப்படி அந்தரத்தில் விடுவது சரியா?

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த மருத்துவர் செய்தது சரி, அப்படிச் சொல்வதற்குத் துணிவும் வேண்டும். இரண்டு அடையாளங்களில் ஒன்று மட்டும் உள்ள பெண்களை ‘வாய்ப்புள்ளவர்’ என்று குறித்துவைத்து, பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும்போதோ அதற்கு முன்போ மறுபடி பார்க்க வேண்டும் என்பதே வழிகாட்டுதல். 12 வயதில் பூப்பெய்தியவருக்கு அது 20 வயதில் முடியும். அதற்குள் பலருக்கு மாதவிடாய் தானாகவே சீராகிவிடும். அவர்களுக்கு 15 வயதில் ஒரு பெயரைச் சூட்டியிருந்தால், இல்லாத நோயைப் பள்ளிப் பருவம் முழுவதும் சுமந்திருப்பார்கள். ‘எனக்குக் குழந்தை பிறக்காது’ என்று 15 வயதில் நம்பத் தொடங்கும் பெண்ணின் மனநிலையை நான் நேரில் கண்டிருக்கிறேன். உறுதியாக பிசிஓஎஸ் உள்ளவர்களிலும் பெரும்பாலானோர் தாயாகிறார்கள், சிலருக்கு மருந்தின் துணை வேண்டியிருக்கும் என்பதையும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று பொருள் அல்ல. மாதவிடாய் 90 நாள் தாண்டினாலோ, அதிகமாக உதிரம் போய் அவள் சோர்ந்து வெளுத்துப்போனாலோ, நோயின் பெயர் உறுதியாகாவிட்டாலும் அதற்குச் சிகிச்சை உண்டு. பரு, முடி வளர்ச்சி ஆகியவற்றுக்கும் அப்படியே. தினமும் உடல் அசையும் விளையாட்டு, நேரத்துக்குச் சாப்பாடு, போதிய தூக்கம் ஆகியவை அவளுக்கு எப்படியும் நல்லவை. ஆனால் எடையைச் சொல்லிச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள், ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. அவள் முகம் வாடியிருக்கிறதா, தோழிகளோடு பேசுவதைக் குறைத்துவிட்டாளா என்பதையும் மாதவிடாய்த் தேதிகளைப் போலவே கவனியுங்கள். இந்த அறிகுறிகள் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம்.

இந்தப் பெண்களுக்கு நேரும் பெரிய இழப்பு, பத்தாம் வகுப்பில் பார்த்த மருத்துவரின் சீட்டு வேறு ஊரில் கல்லூரிக்குப் போகும்போது தொலைந்துவிடுவது. எனவே முதல் மாதவிடாய் வந்த மாதமும் வருடமும், குறித்து வைத்த தேதிகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, மேலே ‘மறுபரிசோதனை’ என்று எழுதி அடுத்த தேதியையும் குறித்து, அந்தக் கோப்பை மகளின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.